பெயரை அடித்தால் போதும்: லாஞ்சர் பழகத் தொடங்குவோருக்கு

இரவு 7.58. எட்டு மணிக்கு ஸூமில் தொடக்கநிலை ஐந்து பிள்ளைகள் ஆறு பேர் வந்துவிடுவார்கள். அன்றைக்குச் செய்ய வேண்டிய கருத்தறிதல் பயிற்சித்தாள் கணினியில் எங்கேயோ கிடக்கிறது. 'துணைப்பாடம்' என்ற கோப்புறைக்குள் '2023', அதற்குள் 'புதியது', அதற்குள் 'புதியது 2'. அங்கே இல்லை. டவுன்லோட்ஸில் பார்த்தேன், டெஸ்க்டாப்பில் பார்த்தேன். அதற்குள் ஒரு பிள்ளை காத்திருப்பு அறையில் வந்து உட்கார்ந்தாயிற்று.

அது வெள்ளிக்கிழமை. தேசிய சேவையில் இருக்கும் அண்ணன் மகன் முகாமிலிருந்து புக் அவுட் ஆகி சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவன் கேட்டான்:

"அத்தை, எங்க வச்சீங்கன்னு ஏன் தேடுறீங்க? பேரு ஞாபகம் இருக்கா?"

"மழைக்காலம்னு என்னமோ வரும்டா."

"அப்ப அதையே அடிங்க."

விண்டோஸ் விசையை ஒரு தட்டு தட்டி, 'மழை' என்று அடித்து, என்டர். தாள் திறந்துவிட்டது. இத்தனை ஆண்டுகளாகக் கணினியில் வேலை செய்கிறேன், அந்த விசையை அப்படித் தட்டலாம் என்றே எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் பழகியதை, தடுக்கி விழுந்த இடங்களோடு சேர்த்து இங்கே எழுதுகிறேன். கணினி வல்லுநருக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. என்னைப் போல ஆயிரக்கணக்கான கோப்புகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தினமும் அவற்றைத் துழாவுகிற ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர், கணக்கு எழுதுபவர், சங்கச் செயலாளர் இவர்களுக்குத்தான் இது.

லாஞ்சர் என்றால் என்ன?

இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரையின் நடுவில் ஒரு நீளமான பெட்டி வரும். வேண்டியதன் பெயரில் இரண்டு மூன்று எழுத்துகளை அடித்ததும் கீழே பட்டியல் விழும். என்டர் தட்டினால் அது திறக்கும், பெட்டி தானாக மறைந்துவிடும். செயலி, கோப்பு, கோப்புறை, கணினி அமைப்புகள், இணையத் தேடல், கூட்டல் பெருக்கல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரே பெட்டிதான்.

இது நேற்று வந்ததல்ல. மேக்கில் ஸ்பாட்லைட் 2005இலேயே வந்துவிட்டது. விண்டோஸில் பவர்டாய்ஸ் ரன் 2020இல் வந்தது. மவுஸே போதும் என்று இருந்ததால் நம்மில் பலர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எதையும் நிறுவாமல் இரண்டு நாள்

முதல் படி இதுதான், தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையைத் தட்டிவிட்டு, எதையும் சொடுக்காமல் உடனே அடிக்கத் தொடங்குங்கள். மேக்கில் கமாண்டும் ஸ்பேஸும். லினக்ஸில் க்னோம் திரை உள்ளவர்கள் சூப்பர் விசையைத் தட்டலாம், கேடிஈ உள்ளவர்களுக்கு ஆல்ட்டும் ஸ்பேஸும்.

இரண்டு நாளுக்கு வேர்டு, பவர்பாயின்ட், ஸூம், உலாவி எல்லாவற்றையும் இப்படியே திறந்து பாருங்கள். கோப்புகளைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டாம். கை இதற்கு இணங்கவில்லை என்றால் புதிதாக எதை நிறுவியும் பயனில்லை. மேக் வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டத்திலேயே நின்றுவிடலாம் என்பது என் எண்ணம். 2025இல் வந்த மேக் ஓஎஸ் டஹோவில் ஸ்பாட்லைட்டுக்குள்ளேயே நகலெடுத்தவற்றின் பட்டியலும் வந்துவிட்டது. ஆல்ஃபிரெட், ரேகாஸ்ட் இரண்டும் நல்ல செயலிகள்தான், இலவசமாகவும் கிடைக்கின்றன, இரண்டிலும் சில வசதிகளுக்கு மட்டும் காசு கட்ட வேண்டும். ஆனால் ஸ்பாட்லைட்டில் உங்களுக்கு என்ன குறை என்று சொல்லத் தெரிந்த பிறகு அங்கே போனால் போதும்.

விண்டோஸ்காரர்கள் நிலைமை வேறு. தொடக்கப் பட்டியின் தேடல் சில கோப்புறைகளை மட்டுமே அட்டவணைப்படுத்தி வைத்திருக்கும். மற்ற இடங்களில் இருப்பதைக் கேட்டால் தயங்கும், அல்லது இணையத்திலிருந்து எதையாவது கொண்டுவந்து நீட்டும். அன்றைக்கு மழைக்காலத் தாள் கிடைத்தது அது ஆவணங்கள் கோப்புறையில் இருந்த அதிர்ஷ்டம். அடுத்த வாரம் தேடிய தாள் டி டிரைவில் இருந்தது, கிடைக்கவில்லை.

எதை நிறுவுவது?

விண்டோஸில் எனக்குத் தெரிந்து இரண்டு நல்ல வழிகள். ஒன்று, மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ். அதில் ரன் என்ற பழைய லாஞ்சரும், 2025இல் வந்த கமாண்ட் பேலட் என்ற புதியதும் இருக்கின்றன. அலுவலகக் கணினி என்றால் ஐடி பிரிவு இதற்குச் சம்மதிக்க வாய்ப்பு அதிகம். இன்னொன்று, ஃப்ளோ லாஞ்சரும் எவ்ரிதிங்கும் ஜோடியாக. இரண்டும் இலவசம். நான் வைத்திருப்பது இதுதான். காரணம் தமிழ்த் தட்டச்சு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

எவ்ரிதிங் என்ன செய்கிறது என்பதை ஒரு நிமிடம் புரிந்துகொள்ளுங்கள். விண்டோஸ் வட்டில் என்டிஎஃப்எஸ் முறையில் எல்லாக் கோப்புகளின் பெயர்களும் ஒரு பதிவேட்டில் இருக்கும். எவ்ரிதிங் ஒவ்வொரு கோப்புறையாக ஏறி இறங்குவதில்லை, அந்தப் பதிவேட்டையே வாசித்துவிடுகிறது. நூலகத்தில் அலமாரி அலமாரியாகப் போய்ப் பார்க்காமல் நூற்பட்டியலை அப்படியே கையில் எடுத்துக்கொள்வது மாதிரி. அதனால்தான் நிறுவிய சற்று நேரத்திலேயே வட்டு முழுவதும் அதற்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் அது தேடுவது பெயரைத்தான். கோப்பின் உள்ளே எழுதியிருப்பதை அது வழக்கமாகப் பார்ப்பதில்லை.

நிறுவும் வரிசை இப்படி:

1. முதலில் எவ்ரிதிங். அதை உருவாக்கிய வாய்ட்டூல்ஸ் தளத்துக்கே போய் இறக்குங்கள். தேடுபொறியில் பெயரை அடித்து முதலில் வரும் விளம்பரத்தைச் சொடுக்க வேண்டாம். நிறுவும்போது நிர்வாகி அனுமதி கேட்கும், 'சர்வீஸ்' என்ற தேர்வை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த அனுமதி இல்லாத அலுவலக மடிக்கணினி என்றால் இங்கேயே நிறுத்திவிட்டுப் பவர்டாய்ஸ் கேட்டுப் பாருங்கள்.

2. எவ்ரிதிங்கைத் திறந்து, உங்கள் கோப்பு ஒன்றின் பெயரில் நான்கு எழுத்தை அடியுங்கள். கிடைத்தால் சரி. அந்த ஜன்னலை மூடிவிடலாம், அது பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்.

3. அப்புறம் ஃப்ளோ லாஞ்சர், அதன் சொந்தத் தளத்திலிருந்து. முதல் முறை திறக்கும்போது வரவேற்புப் பக்கங்கள் வரும், எந்த விசைகள் வேண்டும் என்று கேட்கும். ஆல்ட்டும் ஸ்பேஸும் என்றே இருக்கட்டும்.

4. ஃப்ளோவின் அமைப்புகளில் செருகுநிரல்கள் (கூடுதல் வசதி தரும் துணைநிரல்கள்) பகுதிக்குப் போய் எக்ஸ்ப்ளோரர் என்பதைத் திறங்கள். தேடும் இயந்திரமாக விண்டோஸுக்குப் பதில் எவ்ரிதிங்கைத் தேர்ந்தெடுங்கள். இதை மறந்துவிட்டு, 'இதுவும் பழைய தேடல் மாதிரியேதான் இருக்கிறது' என்று ஒரு வாரம் அலுத்துக்கொண்டவள் நான்.

5. கணினி தொடங்கும்போதே ஃப்ளோவும் தொடங்க வேண்டும் என்ற தேர்வு பொதுப் பகுதியில் இருக்கிறது. அது இயங்குகிறதா என்று பாருங்கள்.

ஆல்ட்டும் ஸ்பேஸும் அழுத்தினால் வேறு ஏதோ திறக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். கோபைலட், சாட்ஜிபிடி கணினிச் செயலிகளும் அதே ஜோடியைக் கேட்கும். யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், மற்றச் செயலியின் அமைப்பில் அதை மாற்றிவிடுங்கள். கன்ட்ரோலும் ஸ்பேஸும் வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வேர்டில் அந்த ஜோடி எழுத்தின் தடிமன், சாய்வு, வண்ணத்தை எல்லாம் நீக்கிவிடும், அதனால் அது வேண்டாம்.

முதல் வாரம்

ஒரே ஒரு பழக்கம்தான்: எதைத் திறக்க வேண்டுமானாலும் பெட்டியைக் கூப்பிடுவது. கருப்பு வண்ணம் மாற்றுவது, செருகுநிரல் சேர்ப்பது, காணொளி பார்த்து நாற்பது குறுக்குவழி மனப்பாடம் செய்வது எல்லாம் பிறகு. என் தோழி ஒருவர் முதல் நாளே பன்னிரண்டு செருகுநிரல் போட்டார். மூன்றாம் நாள் மவுஸுக்குத் திரும்பிவிட்டார்.

கை தானாக மவுஸுக்கு ஓடும். அதற்கு நான் செய்தது, மவுஸை எடுத்து விசைப்பலகையின் இடப்பக்கம் வைத்துவிட்டேன். நான் வலக்கைக்காரி. ஒவ்வொரு முறையும் கை வெறும் மேசையைத் தொட்டதும், 'ஓ, பெட்டி' என்று நினைவு வரும். பத்து நாளில் பழகிவிட்டது.

முழுப் பெயரையும் அடிக்கத் தேவையில்லை. பவர்பாயின்ட்டுக்கு இரண்டு ஆங்கிலப் 'பி' போதும். பல சொற்கள் உள்ள பெயர் என்றால் முதலெழுத்துகளைச் சேர்த்து அடித்தாலும் பிடிக்கும். நீங்கள் எதைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதை அது மேலே கொண்டுவரும். முதல் இரண்டு நாள் பட்டியலில் மூன்றாவதாக வந்தது, நான்காம் நாள் முதலாவதாக நிற்கும். அதற்காகவாவது ஒரு வாரம் பொறுக்க வேண்டும்.

கோப்பைத் திறக்க வேண்டாம், அது இருக்கும் கோப்புறைதான் வேண்டும் என்றால், பட்டியலில் அதன்மேல் நின்று ஷிஃப்ட்டோடு என்டர் தட்டுங்கள். கோப்புறையைத் திற, பாதையை நகலெடு, அழி என்று ஒரு துணைப் பட்டியல் வரும். பெற்றோருக்கு மின்னஞ்சலில் தாளை இணைக்கும்போது இதுதான் எனக்குக் கைகொடுக்கிறது: பாதையை நகலெடுத்து, இணைப்புப் பெட்டியில் ஒட்டி, என்டர். மேக்கில் ஸ்பாட்லைட் பட்டியலில் கமாண்டை அழுத்திப் பிடித்தால் கோப்பு எங்கே இருக்கிறது என்ற பாதை தெரியும்.

தவறாகக் கூப்பிட்டுவிட்டால் எஸ்கேப்.

தமிழில் அடிக்கும்போது

பொதுவான வழிகாட்டிகளில் நான் பார்க்காத பகுதி இது. நமக்கு முக்கியமான பகுதியும் இதுதான்.

நான் தமிழ்99 விசைப்பலகையில் அடிப்பவள். 1997இல் தமிழ்க் கணிமைக்கான தமிழ்நெட் மாநாடு நடந்த ஊர் சிங்கப்பூர். கணியன் விசைப்பலகையைத் தந்த நா. கோவிந்தசாமி இங்கே ஆசிரியராக இருந்தவர், எழுத்தாளர். அதற்கு இரண்டு ஆண்டு கழித்துச் சென்னை மாநாட்டில் தமிழ்99 தரமானது. இன்றைக்கு விண்டோஸிலும் மேக்கிலும் அது உள்ளமைந்தே வருகிறது, மேக்கில் அஞ்சல் விசைப்பலகையும் கூடவே இருக்கிறது. அந்தத் தலைமுறை பட்ட பாட்டுக்கு நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆனால் இரண்டு விசைப்பலகைகளை ஒரே கையில் வைத்திருப்பதில் ஒரு தொல்லை உண்டு.

வேர்டில் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஸூமைத் திறக்கலாம் என்று பெட்டியைக் கூப்பிட்டு, ஆங்கிலத்தில் அடிப்பதாக நினைத்து நான்கு விசைகளைத் தட்டுகிறேன். பெட்டியில் 'ஔட்டர' என்று வந்து நிற்கிறது. தமிழ்99இல் அந்த விசைகள் ஔ, ட, ட, ர. வேர்டு என்று தட்டினால் 'ஈடைஉ'. ஆரம்பத்தில் சிரிப்பாக இருந்தது, ஒரு நாளில் இருபது முறை நடந்தபோது சிரிப்பு வரவில்லை.

ஃப்ளோவில் இதற்கு ஒரு தேர்வு இருக்கிறது: பெட்டி திறக்கும்போது தட்டச்சு தற்காலிகமாக ஆங்கிலத்துக்கு மாற வேண்டும் என்பது. பொதுப் பகுதியில் தேடிப் போட்டுவிடுங்கள். பெட்டி மூடியதும் தமிழ் திரும்பிவிடும். நான் ஃப்ளோவைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த ஒன்றே காரணம்.

இன்னொரு தடுமாற்றம் விரலில். விண்டோஸில் மொழி மாற்ற விண்டோஸ் விசையும் ஸ்பேஸும். பெட்டிக்கு ஆல்ட்டும் ஸ்பேஸும். இரண்டும் பக்கத்துப் பக்கத்து விசைகள். முதல் வாரம் பெட்டி வேண்டும் என்று மொழியை மாற்றுவேன், மொழி வேண்டும் என்று பெட்டியைத் திறப்பேன். பெருவிரலால் இரண்டையும் அழுத்தப் பார்ப்பதுதான் தவறு. இடக்கைப் பெருவிரல் ஆல்ட்டுக்கு மட்டும், ஸ்பேஸுக்கு வலக்கைப் பெருவிரல் என்று பிரித்துக்கொண்ட பிறகு சரியானது. மேக்கில் இந்தக் குழப்பம் கமாண்டுக்கும் கன்ட்ரோலுக்கும் இடையில் வரும், அங்கே கன்ட்ரோலும் ஸ்பேஸும்தான் மொழி மாற்றும்.

சரி, கோப்பின் பெயரே தமிழில் இருந்தால்? பெட்டி திறந்தபின் ஒரு தடவை மொழியை மாற்றிக்கொண்டு அடிக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை சில.

தேடல் என்பது எழுத்துகளின் வரிசையைப் பொருத்திப் பார்ப்பது, அதற்கு இலக்கணம் தெரியாது. 'பாடம்' என்று தேடினால் 'பாடங்கள்' கிடைக்காது, ஏனென்றால் பன்மையில் மகர மெய் போய் ஙகர மெய் வந்துவிட்டது. 'பாட' என்று நிறுத்துங்கள், இரண்டும் வரும். வேற்றுமை உருபு ஏறும் இடத்துக்கு முன்பே நிறுத்துவதுதான் உத்தி. 'ஆத்திசூடி'யா 'ஆத்திச்சூடி'யா என்று நினைவில்லை என்றால் 'ஆத்தி' போதும்.

ஒற்று மிகும் இடம் இன்னொரு தொல்லை. ஒரு கோப்பில் 'மரபுத்தொடர்' என்று சேர்த்து எழுதியிருப்பேன், இன்னொன்றில் அவசரத்தில் 'மரபு தொடர்'. ஒற்று மிகுமா மிகாதா என்று வகுப்பில் எத்தனை வேண்டுமானாலும் வாதாடலாம், தேடும்போது வேண்டாம். 'மரபு', ஒரு இடைவெளி, 'தொடர்' என்று இரண்டு துண்டாக அடியுங்கள். எவ்ரிதிங் இடைவெளியை 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்' என்று எடுத்துக்கொள்ளும். சேர்த்து எழுதியதும் பிரித்து எழுதியதும் இரண்டுமே கிடைக்கும். துண்டுகளின் வரிசை மாறினாலும் கவலையில்லை.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறும் உண்டு. 'தொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் பதியலாம், ஒற்றைக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டு குறியாகவும் பதியலாம். திரையில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. பெயர் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். ஒகரம், ஓகாரம், ஔகாரம் இல்லாத துண்டை அடித்துக் கண்டுபிடித்து, பெயரை உங்கள் விசைப்பலகையில் புதிதாக அடித்துவிடுங்கள்.

பெயர் வைத்தல்

லாஞ்சர் வந்த பிறகு நான் அதிகம் மாற்றிக்கொண்டது இதைத்தான். முன்பெல்லாம் கோப்புறைதான் எல்லாம், கோப்பின் பெயர் 'பயிற்சி 3', 'புதியது', 'இறுதி', 'இறுதி உண்மையிலேயே'. கோப்புறைக்குள் இருக்கும்வரை அதற்குப் பொருள் உண்டு. பெட்டியில் தேடும்போது பன்னிரண்டு 'பயிற்சி 3' வரிசையாக நிற்கும்.

இப்போது ஒவ்வொரு பெயரிலும் நான்கு செய்தி: நிலை, வகை, பொருள், ஆண்டு. 'பி5 கருத்தறிதல் மழைக்காலம் 2024' என்பது ஒரு பெயர். அதில் பி5 என்பதை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்திருக்கிறேன். பெயரின் தலையில் சின்ன ஆங்கிலக் குறி, உடல் தமிழில். பெட்டி ஆங்கிலத்தில் திறக்கும்போது பி5 என்று தட்டினாலே தொடக்கநிலை ஐந்தின் தாள்கள் வந்துவிடும், பாதி நேரம் மொழி மாற்ற வேண்டியதே இல்லை. தேதி வைக்க வேண்டியவற்றுக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசை, 2025-03-14 என்பதுபோல. பட்டியலில் தானாக வரிசைப்படும்.

பழைய கோப்புகள் எல்லாவற்றுக்கும் உட்கார்ந்து பெயர் மாற்றாதீர்கள். நான் பள்ளி விடுமுறையில் அப்படி ஒன்று தொடங்கி மூன்று நாளில் கைவிட்டேன். ஒரு கோப்பைத் தேடித் திண்டாடினால், கிடைத்த அந்த நிமிடமே அதற்கு மட்டும் நல்ல பெயர் வையுங்கள். அடிக்கடி பயன்படுபவை இப்படியே சரியாகிவிடும். மற்றவை தூங்கட்டும்.

வாட்ஸ்அப்பில் பெற்றோர் அனுப்பும் படங்கள்தான் பெரிய தலைவலி. கணினியில் சேமித்தால் தேதியும் நேரமும் மட்டுமே உள்ள நீளமான பெயரோடு வந்து விழும். பெயரால் தேட எதுவுமே இல்லை. சேமிக்கும்போதே பிள்ளையின் முதலெழுத்தையும் தாளின் பெயரையும் சேர்த்துவிடுகிறேன்.

கணக்கும் மற்றவையும்

பெட்டியில் நேராகக் கணக்கு அடிக்கலாம். உணவகத்தில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருப்பார்களே, அதன் பொருள் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதற்கு மேல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 85 வெள்ளிச் சாப்பாட்டுக்கு 85*1.1*1.09 என்று அடித்தால் 101.915. என்டர் தட்டினால் விடை நகலாகிவிடும், வாட்ஸ்அப் குழுவில் ஒட்டி ஆளுக்கு இவ்வளவு என்று கேட்டுவிடலாம். 90 சதுர மீட்டர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு எத்தனை சதுர அடி என்று ஊரிலிருந்து சித்தி கேட்டால் 90*10.764, ஏறக்குறைய 969. ஸ்பாட்லைட்டில் நாணய மாற்றும் உண்டு, வெள்ளியை ரூபாயாக்கிக் காட்டும்.

பவர்டாய்ஸ் ரன் வைத்திருப்பவர்களுக்கு மூன்று குறிகள் போதும்: கணக்குக்கு முன்னால் =, திறந்திருக்கும் ஜன்னல்களுக்கு மட்டும் தாவ <, அளவு மாற்ற %%. மற்றக் குறிகளை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இணையத் தேடலில் ஒன்று மட்டும் சொல்கிறேன். ஃப்ளோவின் இணையத் தேடல் செருகுநிரலில் உங்களுக்கு வேண்டிய தளத்தை நீங்களே சேர்க்கலாம். அந்தத் தளத்தில் ஏதாவது ஒரு சொல்லைத் தேடுங்கள், மேலே வரும் முகவரியை நகலெடுங்கள், அதில் நீங்கள் தேடிய சொல் இருக்கும் இடத்தில் நெளிவு அடைப்புக்குறிக்குள் ஆங்கிலக் 'கியூ' எழுத்தைப் போடுங்கள், சுருக்கமாக ஒரு குறி கொடுங்கள். நூலக வாரியத்தின் பட்டியலுக்கு நான் ஒன்று வைத்திருக்கிறேன், அகராதிக்கு ஒன்று. குறி, இடைவெளி, சொல், என்டர். பிள்ளைகள் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்கும்போது பக்கம் திறந்திருக்கும்.

திரையைப் பகிரும் முன்

இது என் தவறு, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒரு நாள் வகுப்புக்கு முன் ஒரு பிள்ளையின் பெயரோடு 'நிலுவை' என்று அடித்து, கட்டணக் கணக்கைப் பார்த்தேன். பிறகு வகுப்பு தொடங்கியது, திரையைப் பகிர்ந்தேன், அடுத்த தாளை எடுக்கப் பெட்டியைக் கூப்பிட்டேன். கடைசியாக அடித்த சொற்கள் அப்படியே பெட்டியில் நின்றன. கீழே கோப்பின் பெயரும். ஆறு பிள்ளைகள் பார்த்தார்கள். ஒரு சின்னப் பெண் சத்தமாக வாசித்தும்விட்டாள்: "டீச்சர், நிலுவைன்னா என்ன?"

அன்று இரவே அந்த அம்மாவை அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாக, "பரவாயில்லை டீச்சர், அடுத்த மாசம் சேர்த்துக் கொடுத்துடறேன்" என்றார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

பெட்டி திறக்கும்போது முந்திய தேடல் நிற்க வேண்டுமா, வெறுமையாக இருக்க வேண்டுமா என்று கேட்கும் தேர்வு அமைப்பில் இருக்கிறது. வெறுமை என்று மாற்றுங்கள், இன்றைக்கே. முழுத் திரையில் ஏதாவது ஓடும்போது பெட்டியே வரக் கூடாது என்றும் சொல்லிவைக்கலாம். இது போதாது, அடிக்கும்போது வரும் பட்டியலிலும் வேறு கோப்புகளின் பெயர்கள் தெரியத்தான் செய்யும். ஸூமில் முழுத் திரையைப் பகிராமல் ஒரு ஜன்னலை மட்டும் பகிருங்கள், பெட்டி உங்களுக்கு மட்டும் தெரியும்.

நகல் பட்டியலுக்கும் இதே எச்சரிக்கை. விண்டோஸ் விசையும் ஆங்கில 'வி'யும் அழுத்தினால் கடைசியாக நகலெடுத்த 25 வரை நிற்கும், மிக வசதி. ஆனால் கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அதுவும் அங்கே நிற்கலாம். குடும்பமே ஒரே கணினியைப் பயன்படுத்தும் வீட்டில் அதை இயக்க வேண்டாம்.

கிடைக்கவில்லை என்றால்

கூகல் டிரைவில் உலாவிக்குள் மட்டும் இருக்கும் ஆவணங்கள் உங்கள் வட்டில் இல்லை, அதனால் பெட்டிக்குத் தெரியாது. அவற்றை உலாவியில்தான் தேட வேண்டும். தம்ப் டிரைவும் அப்படியே: பெரும்பாலானவை என்டிஎஃப்எஸ் முறையில் இல்லாததால் எவ்ரிதிங் தானாகச் சேர்த்துக்கொள்ளாது, அதன் அமைப்பில் கோப்புறையாகச் சேர்க்க வேண்டும். எனக்கு அது சரிப்படவில்லை, வட்டில் நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன்.

பெயர் சுத்தமாக மறந்துவிட்டது, போன வாரம் வேலை செய்தது மட்டும் நினைவிருக்கிறது என்றால், எவ்ரிதிங்கின் சொந்த ஜன்னலைத் திறந்து, மாற்றிய தேதி என்ற தலைப்பைச் சொடுக்குங்கள். அண்மையில் தொட்டவை மேலே வரும். ஆமாம், இதற்கு மவுஸ் வேண்டும். அதுவும், பயிற்சித்தாளில் படங்களை நறுக்குவதும், பிடிஎஃப்பில் சிவப்பு மையால் திருத்துவதும் இன்னமும் மவுஸில்தான். மூன்றையும் இப்போது இடக்கையால் செய்துகொண்டிருக்கிறேன்.